இன்னும் ஒரு வாரம்

யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கக்கூடிய இலவச மென்பொருள் அது. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும், இனிப் புது வசதி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று கதவடைக்க ஒரு தேதி குறிப்பார்கள். அது அக்காவின் வேலை. குழுவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். ஒருவர் மறுத்தாலும் தேதி ஒரு வாரம் தள்ளிப்போகும்.

போன வருஷம் அவள் கணவன், எழுதிக்கொண்டிருந்த வசதியைப் பாதியில் விட்டுவிட்டுச் செத்துப்போனான். குழுவில் அவனுக்கிருந்த கணக்கை அவளே மூடினாள். இருந்தும் தேதி குறித்த கையோடு அவன் பெயரில் பதில் வந்துவிடும்: "இன்னும் முடியலம்மா, ஒரு வாரம் தள்ளி வை."

குழுவில் எல்லோரும் அதையும் ஒரு மறுப்பாகவே எண்ணிக்கொள்வார்கள். "இருந்தப்பவும் இதே பாட்டுதான் இந்த மனுஷனுக்கு!" என்று திட்டிக்கொண்டே அவள் தள்ளிவைப்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலை பதில் மாறி வந்தது. "முடிச்சிட்டேன். கதவ மூடிடு."

கூடவே அவன் பாதியில் விட்ட வசதியும் முழுதாக வந்திருந்தது. துருவித் துருவிப் பார்த்தாள்; ஒரு பிழைகூட இல்லை.

"அப்போ மூடிடலாமாக்கா?" என்று ஒருவன் எழுதிக் கேட்டான்.

முதல்முறையாக அவள் தன் பெயரில் மறுத்தாள்: "ஒரு வாரம் தள்ளி வைங்க."

ஏன் என்று கணவன் கேட்டு எழுதுவான் என்று காத்திருந்தாள். அந்த வாரம் கேட்கவில்லை. அடுத்த வாரமும் அவளே மறுத்தாள்.