நான்காம் மெஷின் கேஜ்

ஸ்டிக்கரில் இருந்த தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அவள் கேஜைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தாள். பன்னிரண்டாம் தேதிக்குள் அளவு சரிபார்க்க, காலிபரேஷனுக்குப் போயிருக்க வேண்டும். இன்று பதினான்கு.

உள்ளங்கை அகல இரும்பு வளையம். பிரேக் பிஸ்டன் இதற்குள் வழுக்கிக்கொண்டு போனால் காருக்குப் போகும். போகாவிட்டால் சிவப்புப் பெட்டிக்கு. வளையத்துக்கே தேதி முடிந்துவிட்டால் இரண்டு நாளாக அளந்தது எதுவும் செல்லாது.

கார் கம்பெனி அனுப்பிய ஆடிட்டர் முதல் மெஷினில் நின்றிருந்தார். கூடவே சுகிர்தா.

தேதி முடியாத இன்னொரு கேஜ் அலமாரியில் இருந்தது. சாவி இவள் கோட்டுப் பையில். மொத்தமே ஒரு நிமிட வேலை.

பார்த்தும் சொல்லாமல் விட்டால் வேலை போகும். அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

கேஜை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது.

பதினொரு வருடமாக இந்த ஓசூர் தொழிற்சாலையின் தரப் பிரிவில் இருக்கிறாள். எந்த மெஷினில் எதை எப்போது அளக்க வேண்டும் என்று எழுதியது அவள். சுகிர்தா சென்னையிலிருந்து வந்து ஒன்றரை வருடம். வந்த புதிதில் எந்த ஃபைல் எங்கே என்று இவளைத்தான் கேட்டாள். ஆறே மாதத்தில் மேலாளர் நாற்காலி.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சுகிர்தா நல்லவளாக வேறு இருந்தாள். வாய்க்கு வாய் அக்கா. திட்டுவதற்குக்கூட ஒரு காரணம் கொடுக்காதவளை என்னதான் செய்வது.

இரண்டாம் மெஷின்.

ஆபரேட்டர் லூர்துவிடம் தரக் கொள்கையைச் சொல்லச் சொன்னார் ஆடிட்டர். அது எல்லோருடைய அடையாள அட்டைக்குப் பின்னாலும் அச்சடித்திருக்கும். லூர்து அட்டையைத் திருப்பாமலே ஒப்பித்தான்.

“நல்லா ட்ரெயின் பண்ணியிருக்கீங்க மேடம்,” என்றார் ஆடிட்டர், சுகிர்தாவைப் பார்த்து.

அந்தத் தமிழ் வாசகம் இவள் எழுதியது. ஒரு வாரம் சாப்பாட்டு இடைவேளையில் லூர்துவை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததும் இவள்.

சுகிர்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் நகர்ந்துவிட்டார்.

வயிறு எரிந்தது.

மூன்றாம் மெஷின்.

இப்போதுகூட ஓடிப்போய் மாற்றிவிடலாம். கோட்டுப் பைக்குள் சாவியைத் தொட்டாள். விட்டுவிட்டாள்.

நான்காம் மெஷின்.

ஆடிட்டர் கேஜை எடுத்தார். திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஸ்டிக்கரைக் கண்ணருகே கொண்டுபோனார்.

சுகிர்தாவும் அப்போதுதான் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

இவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், இனித்தது.

“இதுக்கு யாரு பொறுப்பு?”

சுகிர்தா லேப்டாப்பைத் திறந்து கேஜ் பட்டியலை எடுத்தாள். ஆடிட்டர் குனிந்து நான்காம் மெஷினைத் தேடினார். அதற்கு நேரே, ‘பொறுப்பாளர்’ என்ற கட்டத்தில் ஒரு பெயர் இருந்தது.

இவள் பெயர்.

சுகிர்தா மேலாளர் ஆனதும் எல்லாப் பட்டியலிலும் பெயர் மாற்றினார்கள். இது ஒன்றுதான் பாக்கி. ‘இதுலயும் மாத்திடட்டுமாக்கா?’ என்று சுகிர்தா மூன்று முறை கேட்டாள். ஆடிட் முடியட்டும் என்று மூன்று முறையும் தள்ளிப்போட்டது இவள்தான். இந்தத் தொழிற்சாலையில் தன் பெயர் இருக்கும் கடைசிக் கட்டம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று.

காலையிலிருந்து எரிந்த எரிச்சலில் அது நினைவுக்கே வரவில்லை.

“அது பழைய பேரு சார்,” என்றாள் சுகிர்தா. “இப்ப நான்தான் பார்க்கறேன். போன வாரமே எனக்கு மெயில் வந்துச்சு. கவனிக்காம விட்டுட்டேன். என் தப்பு.”

ஆடிட்டர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. மெதுவாகத் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலில் ஒரு மரியாதை இருந்தது. இத்தனை வருடத்தில் அவளுக்கு யாரும் அப்படித் தலையாட்டியதில்லை.

தப்பைக்கூட எவ்வளவு அழகாக ஒத்துக்கொள்கிறாள்.

“அப்ப அந்தப் பேரை எடுத்துடுங்க. இப்பவே.”

சுகிர்தா கட்டத்தைத் தொட்டாள். பெயர் நீல நிறமானது. தப்பிவிட்டாய் அக்கா என்பதுபோல் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தாள்.

பேசாமல் நின்றால் போதும். வேலை இருக்கும். சம்பளம் இருக்கும். நாளைக்கும் வாய்க்கு வாய் அக்கா இருக்கும்.

“எடுக்காத,” என்றாள் அவள்.

சுகிர்தாவின் விரல் அப்படியே நின்றது.

“என் பேருதான் சார். காலைல ஷிஃப்ட் ஆரம்பிக்கறப்பவே ஸ்டிக்கரைப் பார்த்துட்டேன். மாத்து கேஜ் உள்ள இருக்கு. சாவி இதோ, எங்கிட்டதான் இருக்கு. வேணும்னுதான் விட்டேன்.”

நான்கு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. சுகிர்தா அவளையே பார்த்தாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

அதுவும் இனிக்கத்தான் செய்தது, கொஞ்சம்.

ஆடிட்டர் நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

“முழுப் பேரு சொல்லுங்கம்மா.”

பதினொரு வருடத்தில் எத்தனையோ ஆடிட். எந்த ஆடிட்டரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

நிறுத்தி, இனிஷியலோடு சொன்னாள்.