சந்தனம் பூசிய தீயணைப்பான்

சிலிபின் வீட்டில் ஆயுத பூசை முடிந்ததும், ஷர்வின் ஜீப்பில் பீடோர் மலைத் தோட்டத்துக்குக் கிளம்பத் தயாரானான். சாவி மனைவி தினேஸ்வரியின் கையில் இருந்தது.

"தீயணைப்பானைப் பாக்காம தரமாட்டேன். போன மாசம் செம்பனைக் காட்டுல ஒங்க கூட்டாளி ஜீப் எரிஞ்சிச்சில்ல?"

இருக்கையருகே பொருத்தியிருந்த தீயணைப்பானின் கைப்பிடியைப் பூமாலை மூடியிருந்தது. அழுத்தம் காட்டும் கண்ணாடி மேல் சந்தனம் அப்பியிருந்தது. தினேஸ்வரி துணியை எடுத்தாள்.

"நல்ல நாள்ல பொட்ட அழிக்காதே!" மாமியார் கருப்பம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"முள்ளு தெரியல அத்தை."

"சாமி பாத்துக்கும்லா."

"அம்மா சொன்னா கேளேன்," என்றான் ஷர்வின்.

"மாட்டேன்."

துடைத்தாள். முள், காலி என்று காட்டும் சிவப்பில் கிடந்தது. மாலையை விலக்கினாள். கைப்பிடியைப் பூட்டும் பாதுகாப்பு ஊசியைக் காணோம்.

"வாங்கி ரெண்டு வாரந்தான் ஆச்சு! கடைக்காரன் ஏமாத்திட்டான். இப்பவே போய்க் கேக்கறேன்!" என்று ஷர்வின் கொதித்தான்.

கருப்பம்மாள் அவன் கையைப் பிடித்தாள்.

"அவன திட்டாதடா. நேத்து நீங்க மோட்டார் சைக்கிள்ல வேலைக்குப் போனப்ப, வடை சுட்ட எண்ணெச்சட்டி பத்திக்கிச்சி. நான்தான் ஜீப்புலேருந்து இத எடுத்து அடிச்சேன். சொன்னா இனிமே சமைக்க விடமாட்டீங்கன்னு மறைச்சிட்டேன்."

தினேஸ்வரி சாவியை இடுப்பில் செருகினாள்.

"மோட்டார் சைக்கிள்ல போயி ரெண்டா வாங்கிட்டு வாங்க," என்றாள் கணவனிடம். "ஒண்ண அடுப்படியில, அத்தை கைக்கு எட்டுற எடத்துல மாட்டணும்."