துபாய் அங்கிள்

“புள்ள பேரு என்ன?” என்று கேட்டார் முரளிதரன்.

சோலைமுத்து கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தான். “விஜின்னு போட்டிருக்கு சார்.”

“இனிமே அதுக்கு நீங்கதான் துபாய் அங்கிள். பேரையாவது மனசுல வைங்க.” முரளிதரன் சிரித்தார். சோலைமுத்துவும் சிரித்துவைத்தான்.

துபாயில் தேரா கடைத்தெருவில், கலீலுர் ரஹ்மானின் மசாலாக் கடைக்கு மேல்மாடி அது. ஏலக்காய் வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. ஊர்ப்புறத்துப் பிள்ளைகளுக்காக அவர் நடத்தும் அறக்கட்டளைக்கு அந்த அறைதான் ஆபீஸ்; முரளிதரன்தான் அதற்கு மேனேஜர்.

கமுதிப் பக்கம் ஒரு பொட்டல் ஊரில் உள்ள அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குச் சோறும் துணியும் இவர்கள் தரும் நிதியில்தான். சுற்றுப்பட்டிக் குழந்தைகளுக்கு மருந்து கொண்டுபோகும் நர்ஸம்மாவின் சம்பளமும் அதிலேதான். வருஷத்துக்கு ஒருமுறை வீடியோவில் பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரித்து, மனசுக்குச் சரியென்று பட்டால்தான் அடுத்த வருஷத்துக்குக் கொடுப்பார்கள். சோலைமுத்துபோல் லேபர் கேம்ப்பில் இருக்கும் தொழிலாளிகள்கூட ஆளுக்கொரு பிள்ளையைத் தத்தெடுத்ததுபோல் வைத்துக்கொண்டு அவ்வப்போது பேசலாம்.

“நான் ஏன் இம்புட்டு துருவுறேன்னு நினைக்காதீங்க தம்பி,” என்றார் ரஹ்மான். “போன வருஷம் வேற ஒரு இல்லம். அப்பன் உசிரோட இருக்கிற புள்ளைய அநாதைன்னு காட்டிட்டாங்க. ஒரு புள்ளதான். இருந்தாலும் பொய் பொய்தானே? அன்னிக்கே கலாஸ்னு நிறுத்திட்டேன்.”

“அந்தப் புள்ளைக எல்லாம் இப்ப எங்க பாய்?” என்று கேட்டான் சோலைமுத்து.

“யாரு கண்டா? இல்லத்தப் பூட்டிட்டாங்க. சிலது செங்கச் சூளைக்குப் போயிருச்சுன்னு கேள்வி.” சொல்லிவிட்டு அவர் சுவரிலிருந்த திரைப்பக்கம் திரும்பினார்.

திரையில் வெளிச்சம் வந்தது. இல்லத்துச் சந்தியா டீச்சர் ஒரு சிறுமியைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். இறுக்கிப் பின்னிய தலை, தோளில் நழுவும் பெரிய சட்டை. யாரோ போட்டுக் கழித்த சட்டை என்று பார்த்தாலே தெரிந்தது.

“வணக்கம் சொல்லு விஜி.”

விஜி கைகுவித்தாள். திரையில் தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தலைகுனிந்துகொண்டாள்.

“கூச்சமா?” என்றார் முரளிதரன். “அந்தா, நீலச் சட்டை போட்டிருக்காரே, அவர்தான் உன் அங்கிள்.”

“வணக்கம் அங்கிள்.”

“சாப்ட்டியாம்மா?” என்றான் சோலைமுத்து. அவ்வளவுதான் வந்தது அவனுக்கு.

ரஹ்மான் நாற்காலியை முன்னால் இழுத்தார். “பாப்பா, ஒனக்கு அம்மா அப்பா?”

“அம்மா செத்துப்போச்சு. அப்பா இல்ல.”

“இல்லன்னா? எங்கயாச்சும் போயிட்டாரா?”

அவள் சட்டை நுனியைத் திருகினாள். டீச்சர் அவள் தோளில் கை வைத்தாள்.

“சொல்லும்மா, பயப்படாத,” என்றார் ரஹ்மான். குரல் இதமாகத்தான் இருந்தது. ஆனால் விடுவதாக இல்லை.

விஜி நிமிர்ந்தாள். “எறந்துட்டாரு,” என்றாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்த வயசுப் பிள்ளைக்கு அப்படி ஒரு வறண்ட முகம் வரக்கூடாது.

சோலைமுத்துதான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். ரஹ்மான் அவன் முதுகைத் தட்டினார்.

“விடுங்க தம்பி. ஒங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?”

“ஒரு பொண்ணு பாய். ஊர்ல இருக்கு.”

“அதான் தாங்க முடியல. யாரு பாத்துக்குறா?”

“ஆளுக இருக்காக பாய். நல்லாத்தான் பாத்துக்கிறாக.”

“அப்ப அது கொடுத்துவச்ச புள்ள,” என்றவர் முரளிதரன் பக்கம் திரும்பினார். “எனக்குத் திருப்தி. இந்த வருஷமும் குடுத்துருவோம்.”

திரையில் டீச்சர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். சமையல்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே ஓடினாள்.

“யல்லா, வாங்க, கீழ பிரியாணி ஆறிப்போகுது,” என்று ரஹ்மான் எழுந்தார்.

“சார், நான் புள்ளகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வரட்டுமா?” என்று முரளிதரனிடம் கேட்டான் சோலைமுத்து.

“தாராளமா பேசுங்க. நல்லாப் படிக்கச் சொல்லுங்க.”

அவர்கள் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. சோலைமுத்து துண்டை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தான். விஜி பெஞ்சை விட்டு எழுந்து எங்கோ போயிருந்தாள். வெறும் சுவர்தான் தெரிந்தது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவள் திரை நிறைய முகம் தெரியும்படி குனிந்தாள்.

“கதவச் சாத்திட்டேன்ப்பா.”