கல்லுளிமங்கனின் மண்டை

தலையில் ஒயர் தொப்பியை மாட்டி, ஓட்டைக்கு ஓட்டை பசையைப் பிதுக்கிவிட்டு, அசையக்கூடாது என்றார் டாக்டரம்மா. முகத்தில் ஒரு தசைகூட.

அசையாமல் இருப்பது அவனுக்குப் புதிதில்லை. கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். முதுகில் சுமையோடு, முன்னால் நிற்கிற லாரி நகரும்வரை தூண் மாதிரி நிற்பான். இன்றைக்குக் கழுத்துதான் பிடித்திருந்தது. ராத்திரி வேலை முடிந்து விடிகாலையில் வந்து படுத்தால், வீட்டில் ஒரு தலையணைகூடக் கண்ணில் படவில்லை.

வீட்டிலும் அவன் தூண்தான். மனைவியின் வழக்கே அதுதான்.

கூரைத் தகடு காற்றில் பறந்தபோது அண்ணாந்து பார்த்து, வெளிச்சம் நல்லா வருது என்றான். மகள் பள்ளியில் முதலாவதாக வந்தபோது, சரி என்றான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் சிரித்தோ அழுதோ மனைவி பார்த்ததில்லை. கல்லுளிமங்கன் என்று பேர் வைத்தாள். அதற்கும் கோபம் வரவில்லை.

அவள் இந்த ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். மூளைக்குள் பயமும் துக்கமும் கிளம்புவதைப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்ததும், துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் புருஷன் பேரைக் கொடுத்துவிட்டாள். வரும் வழியில் தீர்ப்பையும் சொல்லிவிட்டாள்.

"மெஷினும் உள்ள ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும். அப்படியே எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பிப் பாக்கமாட்டேன்."

இப்போது கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் புடைத்த பை.

போனாலும் போய்விடுவாள். அந்தப் பயம் அவனுக்கு இருந்தது. முகம்தான் அதைச் சொல்லிப் பழகவில்லை.

டாக்டரம்மா விளக்கினார். உணர்ச்சிக்கான செல்கள் மண்டையின் ஆழத்தில் இருக்கின்றன. ஆளாளுக்குக் கத்தினால் வெறும் சந்தை இரைச்சல். நடுவில் சில செல்களுக்கு அதட்டுவதே வேலை. அவை அதட்டினால் எல்லாம் வாயை மூடும், அதட்டல் தளர்ந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும், மறுபடி அதட்டல். தாளம் பிறப்பது அப்படித்தான். அது மேலே எட்டிப் பார்த்தால் திரையில் ஓடும் கோட்டில் அலையாகத் தெரியும்.

இது அவனுக்குப் பிடிபட்டது. கிடங்கில் இரும்பு உத்திரத்தை இழுக்கும்போது இழுக்கிறவன் யாரும் பெரிதில்லை. இரு, இரு என்று அடக்கிப் பிடிக்கிற மேஸ்திரிதான் பெரிது.

படங்கள் வந்தன. பாம்பு. அது பாட்டுக்குப் போகட்டும் என்று விட்டான். இடிந்த வீடு. அள்ளினால் எத்தனை லோடு வரும் என்று யோசித்தான். அழுகிற குழந்தை. பசியாக இருக்கும்.

கோடு கிறுக்கிக்கொண்டே போனது. டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

கண்ணாடிக்கு அப்பால் மனைவி அதைப் பார்த்துவிட்டு எழுந்தாள். பையைத் தூக்கினாள். வாசலைப் பார்த்து நடந்தாள்.

அவன் கண் அவள் தோளுக்குப் போய் அங்கேயே நின்றது.

கோடு எழும்பியது. அடங்கியது. எழும்பியது. அடங்கியது. துடுப்புப் போட்ட மாதிரி ஒரே சீராக.

டாக்டரம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து திரையைக் காட்டினார். நீங்கள் போகிறீர்கள் என்றதும் மனுஷன் உள்ளே என்ன தவி தவித்திருக்கிறார் பாருங்கள் என்றார்.

மனைவி அலையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். முகம் கல்லாகவே இருந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது பையை அவன் வாங்கித் தோளில் ஏற்றினான். முதுகு வளைந்தது. மூச்சு வாங்கியது. தெருமுனையில் இறக்கி வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவ்வளவு கனமா என்று கேட்டாள்.

"கோவத்துல கட்டின மூட்டையாச்சே. கனக்காம இருக்குமா?"

அவளுக்கு மனசு கேட்கவில்லை. பையின் ஒரு பக்கக் காதை அவளும் பிடித்துக்கொண்டாள்.

கனம் தூக்கினால் தூக்குகிற பக்கம் தோள் இறங்கும். சுமையிலேயே காலம் தள்ளியவன் கண்ணுக்கு அது தப்பாது. கண்ணாடிக்கு அப்பால் பையைத் தூக்கியபோது அவள் தோள் இம்மியும் இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் குபீரென்று கிளம்பிய சிரிப்பை, அசையக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காக, அவன் அதட்டி அதட்டி உட்காரவைத்தான்.

வீட்டுக்குள் பையோடு அவள்தான் முதலில் போனாள். அவன் கால் கழுவிவிட்டு வருவதற்குள் இரண்டு தலையணைகளும் கட்டிலுக்குத் திரும்பியிருந்தன.

எங்கே இருந்தன என்று அவன் கேட்கவில்லை. குப்புறப் படுத்து ஒன்றில் முகத்தைப் புதைத்தான். முதுகு குலுங்கியது. நின்றது. மறுபடி குலுங்கியது.

அவள் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுத்தாள்.

"அழாதய்யா. நான் எங்கயும் போகல."