காலியாக ஒரு நாற்காலி

சுப்பண்ணனின் தோட்டத்து வீட்டு வாசலில் மூன்று நாற்காலிகள். அந்த வருஷம்தான் ஊருக்குள் வந்திருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் சுப்பண்ணன். ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைக்குக் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த அவர் மகன், பேப்பரும் கையுமாக.

இன்னொன்று காலி.

கதிரேசன் அதைப் பார்க்காமல் நின்றான். பார்த்தால் ஆசைப்பட்டதாகிவிடும்.

காரமடைப் பக்கத்தில் பாக்கு மரம் ஏற அவனை விட்டால் ஆளில்லை என்பார்கள். போன வருஷம் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவும்போது பிடி நழுவி விழுந்தான். முட்டி திருகி, உள்ளே ஜவ்வு கிழிந்துபோனது.

ஜவ்வைத் தைத்த டாக்டர், ஆஸ்பத்திரியில் அவனைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துத்தான் பேசினார். அவனுக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

"இனி மரமேறாத. தரையில குத்தவெச்சு உக்காராத, எப்பவும் நாற்காலிதான். தையல் பிஞ்சுதுன்னா ஜவ்வ வெட்டித்தான் எடுக்கோணும். அப்பறம் எலும்பும் எலும்பும் ஒரசி, நாப்பது வயசுல தடி ஊனித்தான் நடப்ப."

கதிரேசனுக்கு இப்போது முப்பத்திரண்டு.

வீட்டில் பெண்டாட்டி செவ்வந்தி அவனுக்கென்று ஒரு முக்காலி வாங்கிப் போட்டிருக்கிறாள். அவன் அதில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் துரை வந்துவிட்டார் என்று கேலி பேசுவாள்.

இன்றைக்கு அவன் வந்தது மோட்டார் ரூம் வேலை கேட்டு. மோட்டாரைப் போட்டு நிறுத்தி, மரங்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் வேலை. அது கிடைத்தால் முட்டியும் பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும்.

கேட்டும்விட்டான். சுப்பண்ணன் நல்ல மனுஷர்தான், முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"செரி, பேசலாம். ஏன் நின்னுட்டே இருக்கற? உக்காருப்பா."

உக்காரு என்றால் எங்கே என்று அந்த வாசலில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதிரேசனின் அப்பன் காலமெல்லாம் குத்தவைத்த அதே சுவரோரம்தான்.

கதிரேசன், சுப்பண்ணனின் மகனைப் பார்த்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மகன் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

நின்றுகொண்டே இருந்தால் திமிர் என்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் வேலை போகும், வேலையோடு இன்னும் என்னென்னவோ போகும்.

பல்லைக் கடித்துக்கொண்டு குத்தவைத்தான். முட்டிக்குள் ஏதோ டப்பென்று விட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. முகத்தை மட்டும் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டான்.

சுப்பண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. மகனின் தொடையில் ஓங்கித் தட்டினார்.

"பாத்தியா ஈஸ்வரா, உன்ற கைராசிய! ஆப்பரேசன் பண்ணுன காலுன்னு ஆராச்சும் சொல்லுவாங்களா? இவனுக்கு எதுக்கு மோட்டார் ரூம்பு? நாளைக்கே மரமேறலாமல்ல?"

டாக்டர் ஈஸ்வரமூர்த்தி இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஏறலாமுங்கப்பா."