முதல் தாள்

சிங்காரம் மாமா டிவிக்குப் பின்னால் குனிந்து ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தார்.

நான் அதைச் சிங்கப்பூரில், வேலையாட்கள் தங்கும் டார்மிட்டரி மாடிப்படியில் உட்கார்ந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு ஸ்டூல்மேல், தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தது அம்மாவின் போன். கூடம் முழுக்கத் தெரிந்தது.

மாமா என்றால் அத்தையின் கணவர். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வேலை. வீட்டைக் காலிசெய்துகொண்டு போன ஒரு ஆபீசர், பழைய வீடியோ கேம் மெஷினைப் பெட்டியும் புத்தகமுமாக அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை நேரே என் தம்பி அருள்மொழிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

“எப்பப் பாத்தாலும் கேம் புக்கு. ஓட்டல்ல மெனு கார்டப் படிச்சா வயிறு ரொம்பிடுமா மாப்ள? இந்தா, இப்ப ஆடு.”

அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியாது.

பத்து வயதில் பக்கத்து வீட்டு டிவியில் கேம் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் அருள்மொழிக்கு வலிப்பு வந்தது. வெளிச்சம் வெட்டி வெட்டி வருகிற திரை இவனுக்கு ஆகாது, கேம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றார் டாக்டர். மாதாமாதம் அம்மா அவனைச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போய் மாத்திரை வாங்கிவருகிறாள். தெருவில் கேட்டால் நடராசர் கோயில் வேண்டுதல். பக்கத்து வீட்டில் கேட்டாலும் அவனே கேட்டாலும் பித்த மயக்கம். வலிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் கிடையாது.

மாமாவுக்கும் வேண்டுதல்தான். தங்கை சுவேதாவுக்குப் புவனகிரியில் மாப்பிள்ளை பார்த்துச் சொன்னதே அவர்தான். அவருக்குத் தெரிந்தால் மறுநாள் புவனகிரிக்குத் தெரிந்துவிடும்.

கேம் கூடாது என்றானதும் அருள்மொழி யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்தான். நான் இங்கே வந்த புதிதில், பழைய கேம் விற்கிற கடையில், கேமோடு வருகிற விளக்கப் புத்தகங்களை மட்டும் தனியாக ஒரு கூடையில் போட்டிருந்தார்கள். ஒன்றை வாங்கி, ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்பினேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

அந்தப் புத்தகங்களில் எல்லாம் இருந்தது. கேமில் வருகிற நாட்டின் வரைபடம். எந்தக் குகையில் எந்தப் பூதம், அதற்கு எதைக் கண்டால் பயம். எந்த வாள் என்ன எடை. வாள் விற்கிற கிழவன் எந்த ஊரிலிருந்து ஓடிவந்தான்.

“ஆடுறவன் அவன் நிக்கிற எடத்த மட்டும்தான்ணா பாப்பான். எனக்கு நாடு மொத்தமும் தெரியும்” என்றான் ஒருநாள்.

புரியாத பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவான். நான் வேலை முடிந்து வந்து, போனிடம் பேசியே தமிழில் டைப் ஆக்கி அனுப்புவேன். பூதங்களின் பேரை எல்லாம் போன் தப்புத்தப்பாக எழுதும். அவன் அதையே வைத்துக்கொள்வான்.

ஒரு தாள் மட்டும் அவனுக்குப் போனதில்லை. நான் வாங்கிய எல்லாப் புத்தகத்திலும் முதல் தாளில் ஒரே எச்சரிக்கைதான். யாருக்கு வலிப்பு வரலாம், வந்தால் எப்படி இருக்கும். கண் இழுத்துக்கொள்ளும், கைகால் வெட்டும், நினைவு தப்பும். அவனுக்கு வந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது மாதிரி இருக்கும்.

அதைக் கிழித்துவிட்டுத்தான் அனுப்புவேன். நடுவில் பின் அடித்த புத்தகம். முதல் தாளைக் கிழித்தால் கடைசித் தாளும் கழன்று வரும். அதைப் பசை போட்டு ஒட்டுவேன்.

“ஏன்ணா எல்லா புக்கும் மூணாம் பக்கத்துலேர்ந்தே ஆரம்பிக்குது?” என்று முன்பு ஒருமுறை கேட்டிருந்தான்.

“மொத பக்கத்துல ஒண்ணும் இருக்காதுடா. வெறும் கம்பெனி அட்ரஸ்” என்றேன். அப்புறம் அவன் கேட்கவில்லை.

டிவியில் நீலம் வந்தது. மாமா ஜாய்ஸ்டிக்கை நீட்டினார்.

“புடி மாப்ள. மாசா மாசம் ரயிலேறிப் போயிப் பாக்குற சாமி, ஒரு ஆட்டம் ஜெயிச்சிக் குடுக்காதா?”

டிவியை அணையுங்கள் என்று நான் கத்தலாம். ஏன் என்பார். அம்மாவின் கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது.

அருள்மொழி ஜாய்ஸ்டிக்கை வாங்கிப் பக்கத்தில் வைத்தான். பெட்டிக்குள் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்தான். டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

“புக்கப் படிக்காம ஆடுனா மெஷின் பூடும் மாமா. ஒக்காருங்க, படிச்சிச் சொல்றேன்.”

“இது வேறயா?” மாமா சலித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அவன் படித்தான். ஏழு தீவு, அதில் ஒன்றுக்கு மட்டும் கரை இல்லை. அந்தத் தீவில் ஒரு மூக்கன் பூதம். மாமா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். “கரை இல்லாம எப்பிட்றா படகு உடுவான்?” என்றார். அம்மா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். மாமா திரும்பவில்லை.

அப்போதுதான் நான் அவன் கையைப் பார்த்தேன்.

அது என் கை படாத புத்தகம். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்தது. அதில் யாரும் எதையும் கிழிக்கவில்லை. அருள்மொழி முதல் தாளை அட்டையோடு சேர்த்து மடக்கி, கட்டை விரலால் அழுத்திப் பிடித்திருந்தான்.

மாமா கையை நீட்டினார். “குடு, மொதல்லேர்ந்து பாக்கறேன்.”

அவன் விரலை எடுக்கவில்லை.

“மொத பக்கத்துல ஒண்ணும் இருக்காது மாமா. வெறும் கம்பெனி அட்ரஸு.”

பிறகு தலையைத் தூக்கிப் போனைப் பார்த்தான்.

“இல்லண்ணா?”