வெட்டின ஒன்பது பெயர்

"பன்னிரண்டு பங்ஷன் எழுதிக் குடுத்தனான். ஒன்பதை வெட்டிப்போட்டாள்," என்றான் சுபாங்கன்.

பாஸ்கர் தோசையைப் பிய்த்தபடி நிமிர்ந்தான். "லக்சிகாவா?"

"வேற ஆர்? எல்லாருக்கும் முன்னால."

ஹரிஸ் பார்க்கில் மத்தியானச் சாப்பாடு. இருவருக்கும் பரமட்டாவில் ஒரே ஒஃபிஸ். மருந்துக்கடைகளுக்கு மென்பொருள் எழுதுகிறார்கள், ஓகேமல் என்றொரு கணினி மொழியில்.

அதில் ஆளாளுக்கு மொடியூல் என்று ஒரு தனிக் கடை. உள்ளே நின்று வேலை செய்கிற சின்னச் சின்ன ஆட்கள்தான் பங்ஷன். வாசலில் சிக்னேச்சர் என்று ஒரு பட்டியல். சாப்பாட்டுக்கடையில் மாட்டுகிற பட்டியல் மாதிரி என்று வையுங்கோ. அதில் பெயர் இருந்தால்தான் மற்ற டீம்கள் எடுத்துப் பாவிக்கலாம். குசினிக்குள் வேறு என்ன கிடந்தாலும் வெளியார் தொட ஏலாது.

அந்தப் பட்டியலில்தான் டீம் லீடர் லக்சிகா ஒன்பது பெயரை வெட்டினது. வெள்ளிக்கிழமையோடு சுபாங்கனுக்கு ப்ரொபேஷன் முடிகிறது. வேலை நிலைக்குமோ என்று மேனேஜர் அன்றைக்குத்தான் சொல்லுவார்.

"பட்டியலப் பாத்தா ஆறு மாசத்துல மூணுதான் எழுதியிருக்கார்னு மேனேஜர் நெனப்பாரே," என்றான் பாஸ்கர்.

"அதுதானே. போதாததுக்கு ஒரு நக்கல் வேற. 'அண்ணை, இப்ப நேரம் மிச்சம்தானே, எல்லாத்தையும் பெப்ரவரியைப் போட்டு ஒருக்காச் சோதிச்சுப் பாருங்கோ' எண்டாள். என்னைவிடப் பத்து வயசு இளையவள்."

"பொறாமைங்க. வேற என்ன."

"மேனேஜருக்கு எழுதத்தான் போறன்."

எழுதியும் வைத்தான். அனுப்பமுதல், அந்த ரோசத்திலேயே பெப்ரவரியையும் போட்டுப் பார்த்தான்.

வெட்டின ஒன்பதில் ஒன்று, மாத்திரை என்றைக்கு முடியும் என்று நாள் எண்ணுவது. அது பெப்ரவரிக்கும் முப்பது நாள் எண்ணிக்கொண்டு நின்றது.

பட்டியலில் இருந்திருந்தால் மற்ற டீம்களும் அதை எடுத்திருக்கும். வெள்ளிக்கிழமை மேனேஜரின் மேசையில் அந்தப் பிழைதான் கிடந்திருக்கும்.

எழுதின மின்னஞ்சலை அழித்தான். பிழையைத் திருத்திக்கொண்டு லக்சிகாவிடம் போனான்.

"இந்தப் பெப்ரவரி..."

"திருத்தியாச்சோ, அண்ணை?" அவள் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம். திங்கட்கிழமையே கண்டனான். பிழையெண்டு நான் எழுதிப்போட்டா மேனேஜர் வாசிப்பார். பட்டியலில நிண்ட மூண்டு பங்ஷனும் அதைப் பாவிக்கேல்லை எண்டு பார்த்திட்டுத்தான் அதை உள்ளுக்கு விட்டனான்."

சொல்லிக்கொண்டே தட்டினாள். ஒன்பது பெயரும் திரும்பப் பட்டியலில் ஏறின. வெள்ளிக்கிழமை மேனேஜர் பார்க்கப்போவது பன்னிரண்டு.

சுபாங்கன் போகாமல் நின்றான்.

"சரி, அது ஒண்டு பிழை. மற்ற எட்டும் நல்லாத்தானே இருந்தது. அதுகளை ஏன் வெட்டினீங்கள்?"

"அதை மட்டும் வெட்டியிருந்தா, பிழை எதில எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமே, அண்ணை."